மழை மாறிவிட்டது என்பார்கள், வரி என்றால் மாட்டோம் என்பார்கள்

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு மாணவி கேள்விப் படிவத்தோடு இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். தலவாக்கலைப் பக்கம் அவருக்குப் புதிது என்பதால் வழிகாட்ட நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் ஒரு பெரியம்மா. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். "காலநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று மாணவி வாசித்தார். "இல்லையே மகள்" என்றார் பெரியம்மா. படிவத்தில் "இல்லை" என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது.

எனக்கு மனம் கேட்கவில்லை. "பெரியம்மா, மழை முன்பு போல இருக்கிறதா?" என்று இடையில் புகுந்து கேட்டுவிட்டேன். ஆய்வு முறைப்படி அது பிழை. மாணவி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு இருபது நிமிடம் பெரியம்மாதான் பேசினார். சித்திரையில் இடியோடு வரும் பின்னேர மழை சில வருடம் எட்டிப் பார்ப்பதே இல்லையாம். வந்தால் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டி, மலை மண்ணெல்லாம் கான் வழியே ஓடிவிடுகிறதாம். மலைத் தண்ணீர் விழும் பீலியில் மாசியிலேயே தண்ணீர் நூலாக மெலிந்துவிடுகிறதாம். தைப் பனியில் கொழுந்து கருகுவதை அவர் சிறுமியாக இருந்தபோதும் பார்த்திருக்கிறார். இப்போது எந்த வருடம் கருகும், எந்த வருடம் தப்பும் என்று சொல்ல முடியவில்லை என்கிறார்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. காபன் வெளியேற்றத்தைக் குறைப்பதற்காக எரிபொருள் வரியை உயர்த்துவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "இருக்கிற விலை போதாதா? இன்றைக்கு டீசல் ஏறினால் நாளைக்கே பஸ்ஸில் டிக்கெட்டைக் கூட்டிவிடுவார்கள்."

காலநிலை மாற்றம் பற்றிய பொதுமக்கள் மனப்பாங்கு என்று ஆய்வாளர்கள் அழைக்கும் விடயம் முழுவதும் அந்தத் திண்ணையில் அரை மணி நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. ஒரே பெயருக்குள் நான்கு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, அறிதல்: அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாரா? இரண்டு, நம்புதல்: பருவம் உண்மையிலேயே மாறுகிறது, அதில் மனிதரின் கை இருக்கிறது என்று எண்ணுகிறாரா? மூன்று, கவலை. நான்கு, ஆதரவு: அதைத் தடுக்க அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தால், அதற்குரிய விலையோடு சேர்த்து ஒத்துக்கொள்வாரா? இந்த நான்கும் ஒன்றின் பின் ஒன்றாக வண்டில் மாடு போல வருவதில்லை. பெரியம்மா அறிதலில் பூச்சியம், கவலையில் நூறு, ஆதரவில் மறுபடி பூச்சியம். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவர் அறிதலில் நூறு வாங்கிக் கவலையில் பத்து வாங்குவதும் உண்டு.

அறிதலை மட்டும் அளந்தால் எவ்வளவு ஏமாறலாம் என்பதற்கு ஒரு கணக்கு. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 119 நாடுகளில் திரட்டிய தரவை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகின் வயதுவந்தோரில் 40 சதவீதமானோர் காலநிலை மாற்றம் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றது அது. இந்தியா, வங்காளதேசம் போன்ற நாடுகளில் இந்தப் பங்கு 65 சதவீதத்துக்கும் மேல். அந்த மக்களுக்கு மழையையும் வெயிலையும் பற்றி எதுவும் தெரியாது என்று இதை வாசிப்பது பெரும் பிழை. அவர்களுக்குத் தெரியாதது அந்தச் சொல். தங்கள் ஊர் மழைக்கும் எங்கோ எரியும் நிலக்கரிக்கும் இடையே உள்ள தொடர்பை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். அதே ஆய்வு, ஒருவரின் விழிப்புணர்வை மிகுதியாகத் தீர்மானிப்பது அவருடைய கல்வி என்றும் காட்டியது.

இனி நான்காவது சங்கதியான ஆதரவுக்கு வருவோம். மக்களிடம் ஆதரவு கேட்கப்படும் குறைந்த காபன் கொள்கை என்றால் என்ன? நிலக்கரி, பெற்றோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளியேறும் காபனீரொட்சைட்டைக் குறைக்க அரசு எடுக்கும் எந்த நடவடிக்கையும் இதற்குள் அடங்கும். இவற்றை இரண்டு வகையாகப் பார்த்தால் மனப்பாங்கு எளிதில் விளங்கும். காபன் வரி, தடை போன்றவை பின்னால் நின்று தள்ளுபவை. மானியம், மலிவான பஸ், சூரிய மின்தகடுக்குக் கடன் போன்றவை முன்னால் நின்று இழுப்பவை. பெரும்பாலான நாடுகளில் இழுப்பவற்றுக்கு ஆதரவு கூடுதலாகவும் தள்ளுபவற்றுக்குக் குறைவாகவும்தான் வரும். அதனால்தான் "மரம் நடலாமா?" என்று கேட்கும் கருத்துக்கணிப்புகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மரம் நட வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

வரி என்றதும் மக்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? விளங்காததால் என்பதுதான் அதிகாரிகளின் வழக்கமான பதில். 20 நாடுகளில் 40,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2022-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு வேறு பதில் வைத்திருக்கிறது. ஒருவர் ஒரு காலநிலைக் கொள்கையை ஆதரிப்பாரா என்பதை மூன்று எண்ணங்கள் தீர்மானிக்கின்றன. இது உண்மையில் வெளியேற்றத்தைக் குறைக்குமா? இதன் சுமை ஏழைகள் மீது விழுமா? என் வீட்டுக்கு என்ன ஆகும்? காலநிலை மாற்றத்தின் ஆபத்தை மட்டும் எடுத்துச் சொன்னதைவிட, கொள்கை எப்படி வேலை செய்கிறது, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று விளக்கியபோதுதான் ஆதரவு நன்றாகக் கூடியது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பயமுறுத்துவதில் பிரியமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளையும் நம்முடைய சொந்த அனுபவத்தில் உரசிப் பார்ப்போம்.

முதலாவது, பலன் தருமா என்பது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. இயற்கை விவசாயம், பசுமை நாடு என்ற பெயரில்தான் அது வந்தது. ஆயத்தம் இல்லை, மாற்று உரம் இல்லை, தேயிலைச் செடிக்கு என்ன போடுவது என்று தோட்டங்களுக்கே தெரியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் செடி அரசாணை வாசிப்பதில்லை. 2021-இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அதில் சேர்ந்துகொண்டது உண்மை. உரத்தின் பங்கை யாரும் மறுக்கவில்லை.

இந்த எண் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், எப்படி இறங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் முழு நாள் சம்பளம் விழுவதைப் "பேர்" என்போம். அதற்கு நாளொன்றுக்குப் பதினாறு கிலோ, பதினெட்டு கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு உண்டு. அது குறைந்தால் அரைப்பேர். செடியில் கொழுந்து இல்லாத மாதங்களில் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் நிறையில் எடை ஏறாது. பசுமை என்ற சொல்லை நம் பெண்கள் பலர் முதன்முதலில் கேட்டது அரைப்பேரோடு சேர்த்துத்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அடுத்த முறை ஒரு நல்ல பசுமைத் திட்டம் வந்தாலும் அந்த நினைவு முன்னால் வந்து நிற்கும். கொள்கையின் மீதுள்ள ஐயம் பெரும்பாலும் அதைக் கொண்டுவருபவர் மீதுள்ள ஐயம்தான். அரசின் மீது நம்பிக்கை உள்ள நாடுகளில் காபன் வரி நிலைத்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். சுவீடனில் 1991 முதல் அது இருக்கிறது.

இலங்கையிலும் ஒரு காபன் வரி இருந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாகனத்தின் எஞ்சின் கொள்ளளவையும் வயதையும் பார்த்து, வருடாந்த வாகன வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கும்போது அறவிடப்பட்டது. மின்சார வாகனத்துக்கு விலக்கு. ஆட்சி மாறியதும் வரியும் போய்விட்டது. அதற்காக யாரும் அழவில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது, அதனால் எவ்வளவு புகை குறைந்தது என்று யாரும் வாகன உரிமையாளருக்குச் சொல்லவில்லை. அவரும் அதை இன்னொரு கட்டணம் என்று எண்ணிக் கட்டிவிட்டு வந்தார்.

இரண்டாவது கேள்விதான் மலையகத்தில் கனமானது. உலகத்தில் ஆளுக்குச் சராசரியாக வருடத்துக்கு 4 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. இலங்கையில் ஆளுக்கு ஏறக்குறைய 1 தொன். விறகடுப்பும் இரண்டு மின்குமிழும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள லயத்து வீட்டின் பங்கு அதிலும் குறைவாகத்தான் இருக்க முடியும். அந்த வீட்டின் மேலேதான் மலை சரிகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விலை ஏற்றம் என்றால் யாருக்கு முதலில் வலிக்கும் என்பதற்கு 2022 ஆகஸ்ட் மின்கட்டண உயர்வைப் பாருங்கள். அது காலநிலைக் கொள்கை இல்லை. கடனில் மூழ்கிய மின்சார சபையைத் தூக்கிவிட எடுத்த முடிவு. சராசரி உயர்வு 75 சதவீதம். மாதம் 30 அலகுக்கும் குறைவாகப் பாவித்த வீடுகளுக்கோ 264 சதவீதம். முன்பு அவர்களுக்கு மிகக் குறைந்த கட்டணம் இருந்ததால் சதவீதம் அப்படிப் பெருத்தது என்று விளக்கம் சொல்லலாம், அது சரியும்கூட. ஆனால் பில்லைக் கையில் வாங்கியவரின் மனதில் பதிந்தது வேறு: விலை ஏற்றுவது என்று வந்தால் குறைவாக எரித்தவனையும் விடமாட்டார்கள். இந்தப் பாடத்தைப் படித்தவரிடம் போய் எரிபொருள் வரி என்றால் என்ன பதில் வரும்? பிரான்சில் 2018-இல் எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராக மஞ்சள் அங்கி அணிந்து தெருவுக்கு வந்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். நகரத்தில் மெட்ரோ ரயில் உள்ளவனுக்கு வலிக்காத வரி, பஸ் இல்லாத கிராமத்தவனுக்கு வலித்தது. அந்த உயர்வு கைவிடப்பட்டது.

இழுக்கும் கொள்கைகளிலும் இதே கோணல் உண்டு. கூரையில் சூரிய மின்தகடு பொருத்தி மின்சாரத்தை விற்கலாம் என்ற திட்டம் 2016 முதல் நாட்டில் நன்றாகப் பரவியது. நல்ல திட்டம். ஆனால் அதற்கு முதலில் சொந்தக் கூரை வேண்டும். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம்; நிலமும் அப்படியே. நாளுக்கு 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்பதற்கே 2024 வரை போராட வேண்டியிருந்தவருக்கு வங்கிக் கடனுக்குப் பிணை எங்கே? "சூரிய சக்திக்கு நீங்கள் ஆதரவா?" என்ற கேள்விக்கு லயத்திலிருந்து வரும் "ஆம்" வேறு, ஹட்டன் நகரத்துக் கடைக்காரரின் "ஆம்" வேறு. கருத்துக்கணிப்பில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும்.

மூன்றாவது கேள்வியும் இதில் பாதி வந்துவிட்டது. ஆனால் "என் வீட்டுக்கு என்ன ஆகும்" என்பது பணத்தோடு முடிவதில்லை. நம் மலைகளில் அது அணைக்கட்டின் கதை. 1950-இல் லக்சபான முதல் மின்நிலையம் தொடங்கி, 60-களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் என்று களனி கங்கையின் மேல்மடை முழுவதும் மின்சாரமாக மாறியது. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலைத் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் எழுந்து நிற்கும். ஊரே போய்க் கும்பிட்டுவிட்டு வரும். நீர்மின்சாரம் குறைந்த காபன் மின்சாரம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அணைகள் திட்டமிடப்பட்ட காலத்தில், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் இங்குள்ள தோட்டத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக இருந்தார்கள். வாக்கே இல்லாதவரிடம் யார் விருப்பம் கேட்பது? மின்கம்பி லயத்துக்கு மேலே போன பிறகும் பல பத்தாண்டுகள் உள்ளே மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

2012-இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட். அதற்குச் சூழலியலாளரிடமிருந்தும் தோட்டப் பகுதி அரசியலிலிருந்தும் பல வருடம் எதிர்ப்பு இருந்தது. தலவாக்கலையில் வீடுகளும் கடைகளும் இடம் மாறின. செயின்ட் கிளேயர் அருவியின் தண்ணீர் ஒடுங்கியது. அன்று எதிர்த்தவர்களைச் சிலர் வளர்ச்சிக்கு விரோதிகள் என்றார்கள். 2025-இல் மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கியபோதும் அதே பேச்சு வந்தது. தன் வாசலில் வருவதை எதிர்ப்பதைச் சுயநலம் என்று ஒதுக்குவது எளிது. முடிவெடுத்தபோது தம்மைக் கேட்டார்களா, பயனில் தமக்குப் பங்கு உண்டா என்ற இரண்டையும் பார்த்த பிறகே மக்கள் ஆதரவைத் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் இத்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. 2030-க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று இலங்கை இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு இன்னும் பல மலைகளும் கரைகளும் தேவைப்படும்.

இயற்கையே பாடம் நடத்தினால் மனப்பாங்கு மாறாதா என்று கேட்கலாம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டன. இப்படியான பேரிடருக்குப் பிறகு கவலை கூடுவதையும், பல நேரங்களில் அது மெல்லத் தணிந்துவிடுவதையும் வெவ்வேறு நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காபனைக் குறைப்பது தணித்தல். வரும் அடியைத் தாங்க ஆயத்தமாவது இசைவாக்கம். சரிவுக்குக் கீழே குடியிருப்பவர் முதலில் கேட்பது இரண்டாவதை: சரியாத இடத்தில் ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி, ஒரு வீடு, மழை எச்சரிக்கையைத் தமிழில் சொல்லும் ஒரு குரல். தணித்தலுக்கு ஆதரவு இல்லை என்று படிவத்தில் விழும் பதிலுக்குள், "முதலில் என் கூரையைப் பாருங்கள்" என்ற பதில் ஒளிந்திருக்கலாம். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மனப்பாங்கு கல்லில் செதுக்கியதும் இல்லை. சுவீடனின் ஸ்டொக்ஹோமில் நகருக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் திட்டத்தைத் தொடக்கத்தில் பெரும்பாலானோர் வெறுத்தார்கள். 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஏழு மாதம் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்த்தார்கள். கூடவே பஸ்களையும் கூட்டினார்கள். போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. அந்த செப்டெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சரி என்றார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-இல் காபன் வரியைக் கொண்டுவந்தபோது வேறு வரிகளைக் குறைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆரம்ப எதிர்ப்பு சில வருடங்களில் இறங்கியது. ஆனால் 2025 ஏப்ரலில், நாடு தழுவிய அரசியல் காற்று மாறியபோது, பொதுமக்கள் கட்டும் அந்த வரி அங்கேயும் நீக்கப்பட்டது. பதினேழு வருடம் ஓடிய வரிக்கே இந்தக் கதி என்றால், ஓரிரு வருடம்கூட நிலைக்காத நம்முடையதைப் பற்றி என்ன சொல்வது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த எண் 2024-இல் வந்தது. 125 நாடுகளில் ஏறக்குறைய 130,000 பேரிடம், காலநிலை மாற்றத்தைத் தடுக்க உங்கள் மாத வருமானத்தில் 1 சதவீதம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். 69 சதவீதமானோர் கொடுப்போம் என்றார்கள். உங்கள் நாட்டில் நூற்றில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டபோது, சராசரி ஊகம் 43. தன் மனம் தனக்குத் தெரிகிறது, பக்கத்து வீட்டின் மனம் தெரியவில்லை. அதனால் ஒவ்வொருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். வாயால் சொல்வதற்கும் மடியை அவிழ்ப்பதற்கும் தூரம் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இடைவெளி பெரிது.

மாணவியின் படிவம் முடிந்ததும், அவருடைய அனுமதியோடு நான் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டேன். இது ஆய்வுக்கு இல்லை, என் ஆசைக்கு. எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து இந்த லயத்துக்கு மேலுள்ள சரிவுக்கு அணை கட்டித் தந்து, செலவுக் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள் என்றால்?

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "கணக்கை ஒட்டுவார்களா?"

"ஒட்டினால்?"

"ஒட்டினால் கொடுக்கலாம். நான் கொடுப்பேன். ஆனால் இந்த லயத்தில் வேறு யாரும் ஒரு சதம் கொடுக்க மாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்."

அடுத்த வீட்டில் அவரோடு ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்த ஓர் அக்கா. அவரிடமும் அதையே கேட்டேன். அவரும் கணக்கைப் பற்றித்தான் முதலில் கேட்டார். பிறகு பெரியம்மாவின் வாசலைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சரி, அவர்கள் கொடுப்பார்களா?" என்றார்.